அட்டையா, டேப்லெட்டா, கண் அசைவா? என் தங்கச்சி பேசிப் பழகிய கதை

என் தங்கச்சிக்கு வயது 17. பிறவியிலேயே செரிபிரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவு சொன்னபடி கேட்காத நிலை. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் வாயில் வராது. கைகளில் வலது ஆள்காட்டி விரல்தான் ஓரளவு சொன்னபடி கேட்கும். அவள் பேசுவதற்கு எந்தக் கருவி நல்லது என்று மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம்.

முதலில் பட அட்டை: கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும், வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டலாம். லேமினேஷன் செலவோடு முடிந்துவிடும். சார்ஜ் வேண்டாம், பஸ்ஸில் வெயில் அடித்தாலும் படம் தெரியும். ஆரம்பத்தில் அதை ஆப்பிள், பூனை, பஸ் என்று பொருள்களாலேயே நிரப்பினோம். "பூனை எங்கே, காட்டு" என்று பரீட்சை வைத்தோம். இரண்டே வாரத்தில் அவளுக்கு அட்டையைக் கண்டாலே பிடிக்கவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, ஏன் என்று மாற்றினோம். இந்த வார்த்தைகளை வைத்து எதைப் பற்றியும் பேசலாம். எழுத்துக் கூட்டத் தெரிந்தவருக்கு இன்னொரு வசதி உண்டு: 247 எழுத்தையும் அச்சடிக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் என 31 கட்டம் போதும். 'க்' காட்டி 'ஆ' காட்டினால் 'கா'.

அட்டையில் ஒரு பெரிய குறை, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், 'வேண்டாம்' மேல் விரலை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது.

டேப்லெட் ஜெயிப்பது இங்கேதான். திரையில் படத்தை அழுத்தினால் அந்த வார்த்தையைச் செயலி சத்தமாகச் சொல்லிவிடும். சென்னையில் உருவான அவாஸ், ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான ஜெல்லோ என்ற இரண்டு செயலிகளிலும் தமிழ் இருக்கிறது. ஜெல்லோ இலவசம். முதல் நாள் குக்கர் விசில் நடுவே உள் அறையிலிருந்து "அம்மா வா" என்று கேட்டதும் அம்மா கரண்டியோடு ஓடினார். அப்புறம் தங்கச்சி அதையே ஓயாமல் அழுத்த ஆரம்பித்தாள். ஒரு நாள் எரிச்சலில் அம்மா டேப்லெட்டை அலமாரி மேல் வைத்துவிட்டார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பேசப் பழகும் குழந்தை ஒரே வார்த்தையை நூறு தடவை சொன்னால் அதன் வாயைக் கட்டுவோமா?

டேப்லெட்டிலும் சங்கடங்கள் உண்டு. விரல் நடுங்கிப் பக்கத்துக் கட்டத்தில் பட்டுவிடும். துளை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைத் திரைமேல் பொருத்திய பிறகு அது குறைந்தது. படம் படமாக அழுத்தினால் "அம்மா கடை போ" என்று விகுதி இல்லாமல் வரும். அதைத் திருத்தச் சொல்வதில்லை. "அம்மாகூட கடைக்குப் போகணுமா?" என்று நாங்களே முழுசாகச் சொல்லிக் காட்டுவோம். கட்டங்களை இடம் மாற்றுவதும் இல்லை. விரலுக்கு இடம்தான் ஞாபகம், படம் அப்புறம்தான்.

கண் அசைவால் இயக்கும் கருவி கை அறவே அசையாதவருக்குப் பெரிய வரம். 2024இல் ஐபேடிலேயே அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் தலை ஓரிடத்தில் நிற்க வேண்டும், வெளிச்சம் சரியாக விழ வேண்டும். தங்கச்சிக்குத் தலை தானாக அசையும், பத்து நிமிடத்தில் களைத்துப்போனாள். விட்டுவிட்டோம்.

எந்தக் கருவியானாலும் பழக்கம் வந்தது ஒரே வழியில்தான்: முதலில் நாங்கள் அதில் பேசினோம். சாப்பாடு போடும்போது நானே 'இன்னும்' அழுத்திவிட்டு, "எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு" என்பேன். அவளிடம் ஒன்று கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருப்பேன். முதல் மாதம் அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கையைப் பிடித்து நாமே அழுத்த வைப்பது மட்டும் கூடவே கூடாது. அப்போது வருவது நம் பேச்சு, அவளுடையது இல்லை.

என்னைக் கேட்டால், அட்டையை இன்றைக்கே செய்துவிடுங்கள், டேப்லெட்டுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். அட்டையில் தேறிய பிறகுதான் டேப்லெட் என்று காத்திருக்க அவசியமே இல்லை. டேப்லெட் வந்த பிறகும் அட்டையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் குளியலறைச் சுவரில் ஆறு கட்டம் போட்ட அட்டை ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது. அதில் முதல் கட்டம் 'சுடுது'.