5532 ஃபோனோ ப்ரீஆம்ப், மூன்று வருடத்துக்குப் பிறகு: சர்க்யூட் தங்கம், டிரான்ஸ்ஃபார்மர் சனியன்

"டர்ன்டேபிளுக்கு ஃபோனோ ப்ரீஆம்ப் சொந்தமாகக் கட்டலாம் என்றிருக்கிறேன், எந்த சர்க்யூட் எடுப்பது?" என்று நண்பர் ஒருவர் கேட்டதற்கான பதில் இது. (தட்டின் ஊசிப் பக்கமிருந்து வரும் மில்லிவோல்ட் சிக்னலை ஆம்ப் கேட்கும் அளவுக்குப் பெருக்கும் பெட்டிதான் ஃபோனோ ப்ரீஆம்ப்.) அவர் எதிர்பார்த்தது ஓர் ஐசி நம்பர். மூன்று வருடமாக ஓடும் பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு சொல்வதானால், ஐசி நம்பர் கடைசிக் கவலை. டிரான்ஸ்ஃபார்மர் எங்கே உட்காரப் போகிறது? அதுதான் முதல் கவலை. போர்டில் ஈயம் வைத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஹம்மை, அதாவது மின்சாரத்திலிருந்து வரும் உறுமலை, அடக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

ஓடிக்கொண்டிருப்பது, ஆடியோ சர்க்யூட்களை இணையத்தில் வெளியிட்ட ராட் எலியட்டின் ப்ராஜெக்ட் 06 பாணியிலான சர்க்யூட். ஒரு சேனலுக்கு இரண்டு ஓபாம்ப் படிகள் (ஓபாம்ப் என்பது சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்; ஒரு 5532 ஐசிக்குள் அது இரண்டு). தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஸ்தாயியைக் குறைத்து, மேல் ஸ்தாயியைக் கூட்டியிருப்பார்கள்; அதை நேராக்குவதுதான் ஆர்ஐஏஏ சமன்பாடு. அதன் 3180, 318 மைக்ரோ செகண்ட் முதல் படியின் ஃபீட்பேக்கில். 75 மைக்ரோ செகண்ட் இரண்டு படிகளுக்கும் நடுவில் தனி ஃபில்டராக. கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவைச் சிக்னலாக்கும் பாகம்) ஆடியோ டெக்னிகா விஎம்95இ, 4 மில்லிவோல்ட். கெய்ன், அதாவது பெருக்கம், 1 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு.

மற்றவற்றை ஏன் தள்ள வேண்டியிருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெய்ன் கோல்பர்னின் பெர்ல் என்ற ப்ரீஆம்ப் ஜேஎஃப்இடி (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஜாதி, அருமையான வடிவமைப்பு. ஆனால் இந்த ஜாதிக்குக் குறைந்த இரைச்சல் ஜேஎஃப்இடிகள் ஜோடி பார்த்துப் பொறுக்க வேண்டும். தோஷிபா 2எஸ்கே170 தயாரிப்பை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. அந்தப் பெயரில் இன்று கிடைப்பதில் போலிகள் ஏராளம். 12ஏஎக்ஸ்7 வால்வில் கட்டலாம் என்றால் 250 வோல்ட் சப்ளையும், ஹம் வராமலிருக்க ஹீட்டருக்கு டிசியும் வேண்டும்; முதல் வேலையாக அதைத் தொடுவது கையைச் சுட்டுக்கொள்வதற்குச் சமம். பாகமெல்லாம் பொருத்தி வரும் பெயரில்லாத 5532 போர்டுகள் மலிவு, சத்தமும் மோசமில்லை. ஆனால் ஆர்ஐஏஏ கெப்பாசிட்டர்களில் ஐந்து சதவீதமா, பத்து சதவீதமா என்று எந்தக் குறியும் இருக்காது. 5532 எந்தக் கடையிலும் கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் பெட்டி தவிர எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். அந்தப் பெட்டிக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். சத்தத்தில் குறையே இல்லை. 75 மைக்ரோ செகண்டுக்கு 750 ஓம், 100 நானோஃபாரட். கணக்கு இவ்வளவு சுலபமாக வருவதால் எல்லோரும் கைக்கு வந்த 100 நானோவை எடுத்து வைத்துவிடுகிறார்கள். கெப்பாசிட்டர் மதிப்பு ஐந்து சதவீதம் தப்பினால் மேல் ஸ்தாயியில் கிட்டத்தட்ட 0.4 டெசிபெல் தப்பும். அது பெரிதில்லை. இடது சேனல் ஒரு பக்கமும் வலது சேனல் மறுபக்கமும் தப்பினால்தான் பாடகர் நடுவில் நிற்காமல் தள்ளாடுவார். எல்சிஆர் மீட்டரில் பத்துப் பன்னிரண்டு பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டரை அளந்து, இரண்டு சேனலுக்கும் ஒரே மதிப்பு வருவதைப் பொறுக்கினால் போதும். ரெசிஸ்டர் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். இந்த இடத்தில் செராமிக் வட்டுக் கெப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம்; வோல்டேஜுக்கும் வெயிலுக்கும் தகுந்தாற்போல் மதிப்பு மாறும். இப்படிக் கட்டினால் வயலின் வயலினாகக் கேட்கும். (பழைய 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சமன்பாடே பொருந்தாது, அது தனிக் கதை.)

இப்போது சனியன்.

ஆர்ஐஏஏ சமன்பாடு தாழ்ந்த ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கிறது. 1 கிலோஹெர்ட்ஸுடன் ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸில் 17 டெசிபெல் கூடுதல், ஏறக்குறைய 7 மடங்கு. நம் வீட்டு மின்சாரமோ சரியாக 50 ஹெர்ட்ஸ். ஆக, பாட்டுக்கு 100 மடங்கு என்றால் ஹம்முக்கு 700 மடங்கு. உள்ளே 10 மைக்ரோவோல்ட் நுழைந்தால் வெளியே 7 மில்லிவோல்ட். 400 மில்லிவோல்ட் பாட்டுக்கு எதிரே அது வெறும் 35 டெசிபெல் தாழ்வு. தட்டில் முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் அந்த மௌனத்தில் தெளிவாகக் கேட்கும். பெரும்பாலான ஆடியோ பெட்டிகளில் இந்தக் கொடுமை கிடையாது. பவர் ஆம்ப்பில் தப்பித்த வயரிங் இங்கே தப்பிக்காது.

கடையில் கிடைக்கும் 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் ஈஐ (E, I வடிவ) தகடு அடுக்கியது. அதைச் சுற்றிலும் காந்தப்புலம் கசியும். அதையும் போர்டையும் ஒரே அலுமினியப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "ஷீல்டு போட்டாச்சே, ஏன் உறுமுகிறது?" என்று கேட்பவர்களுக்கு: 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம் இருப்பதும் இல்லாததும் ஒன்று. ரேடியோ, மொபைல் இரைச்சலை அது தடுக்கும், இதைத் தடுக்காது. இரும்புப் பெட்டி ஓரளவு உதவும். தூரம்தான் நிஜ மருந்து. டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் போட்டு, ஒரு மீட்டர் கேபிளில் கொண்டுவந்தால் பாதித் தொல்லை அன்றே தீரும். ஒரே பெட்டிதான் என்று அடம்பிடித்தால், டிரான்ஸ்ஃபார்மரைத் திருகாமல் மரக்கட்டை மேல் வைத்து, மின்வயர் இணைப்புகளை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டு, சத்தத்தைக் கேட்டபடியே மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று இறங்கும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டு துளை போட வேண்டும். டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) கிடைத்தால் இன்னும் நல்லது.

ஹம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கண்டதையும் மாற்றுவது வீண். ஒரு ஆர்சிஏ பிளக்கில் நடு முள்ளையும் வெளிவட்டத்தையும் ஈயத்தால் சேர்த்துவிடுங்கள், இதுபோல் இரண்டு. டர்ன்டேபிள் வயரைக் கழற்றிவிட்டு இவற்றை இன்புட்டில் செருகுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் குற்றவாளி பெட்டிக்குள். நின்றுவிட்டால் கேபிள், எர்த் வயர், கார்ட்ரிட்ஜ் ஆகியவற்றில் ஒன்று. பெரும்பாலும் டர்ன்டேபிளிலிருந்து வரும் அந்த மெல்லிய எர்த் வயர் திருகில் சரியாகப் பிடித்திருக்காது. அடுத்தது காதுக்கு வேலை. அடிவயிற்றில் "ம்ம்ம்" என்று கேட்டால் 50 ஹெர்ட்ஸ்: காந்தப்புலம் அல்லது எர்த் வளையம் (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து உண்டாகும் வளையம்). தேனீ மாதிரி "ர்ர்ர்" என்று கூர்மையாகக் கேட்டால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்: ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) பக்கத்துத் தப்பு. காதை நம்ப முடியவில்லையென்றால் மொபைலில் ஸ்பெக்ட்ரம் செயலி எது உயர்ந்து நிற்கிறது என்று காட்டிவிடும்.

அந்த "ர்ர்ர்" வந்தால் முக்கால்வாசி ஒரே காரணம்தான். டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயரும் இரண்டு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் சேரும் வழியில் சார்ஜ் துடிப்பு ஓடுகிறது. போர்டின் சிக்னல் கிரவுண்டை அந்த வழியின் நடுவில் எங்கோ தொட்டுக்கொண்டால் துடிப்பு பாட்டுக்குள் வந்துவிடும். நடு வயரைத் தடிப்பாக, குட்டையாக, நேரே கெப்பாசிட்டர்களின் சந்திப்புக்குக் கொண்டுபோய், ரெகுலேட்டர்களுக்குப் பிறகிருந்து ஒரே ஒரு வயராக சிக்னல் கிரவுண்டை எடுங்கள். ஆர்சிஏ சாக்கெட்டுகள் பெட்டியின் உலோகத்தைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் வாஷர் கட்டாயம். சிக்னல் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 100 நானோஃபாரட். மின்சார எர்த் மட்டும் எந்த ரெசிஸ்டரும் இல்லாமல் நேரே பெட்டிக்குத் திருகப்பட வேண்டும். ஹம் போகிறதென்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வித்தகர்கள் உண்டு. பாட்டு கேட்க உயிரோடு இருக்க வேண்டும்.

சப்ளையில் இன்னும் இரண்டு கண்ணிவெடி. இரண்டு 5532-க்கும் சேர்த்து 16 மில்லிஆம்பியர் அளவுதான் இழுக்கும். சுமையே இல்லாததால் 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 17, 18 வோல்ட் கொடுக்கும். ரெக்டிஃபை ஆன பின் 24 வோல்ட். இரவில் லைன் வோல்டேஜ் ஏறினால் அதற்கும் மேலே. அங்கே 25 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்தால் என்றாவது ஒருநாள் வயிறு உப்பும். 35 வோல்ட் போடுங்கள். இரண்டாவது, பிளஸ், மைனஸ் 15 வோல்ட் ரெகுலேட்டர்களான 7815-ம் 7915-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கால் வரிசை வேறு. 7815-க்கு இன்புட், கிரவுண்டு, அவுட்புட். 7915-க்கு கிரவுண்டு, இன்புட், அவுட்புட். முதுகுத் தகடும் ஒன்றில் கிரவுண்டு, மற்றதில் இன்புட். இரண்டையும் நடுவில் மைக்கா இன்சுலேட்டர் இல்லாமல் ஒரே தகட்டில் திருகினால் அத்தோடு கதை முடிந்தது. ஐசி சாக்கெட்டைக் காலியாக வைத்து, 8-ஆம் காலில் பிளஸ் 15, 4-ஆம் காலில் மைனஸ் 15 பார்த்த பிறகுதான் 5532 உள்ளே போக வேண்டும்.

ஐசி மாற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எல்எம்4562 போட்டால் இரைச்சல் குறையும் என்று டேட்டாஷீட் பார்த்து நம்புகிறார்கள். வோல்டேஜ் இரைச்சல் 2.7 நானோவோல்ட் என்ற எண் உண்மைதான். ஆனால் விஎம்95இ மாதிரி 550 மில்லிஹென்றி சுருள், 10 கிலோஹெர்ட்ஸில் 30 கிலோ ஓமுக்கு மேல் தடுக்கும். அங்கே முக்கியம் கரண்ட் இரைச்சல். எல்எம்4562-இல் அது 1.6 பிகோஆம்பியர், 5532-இல் 0.7, 5534ஏ-வில் 0.4. விலை அதிகமான ஐசி போட்டு "ஸ்ஸ்ஸ்" கூடியதாகப் புலம்புபவர்கள் இதைத்தான் அனுபவிக்கிறார்கள். நிஜமாகவே முன்னேற்றம் வேண்டுமென்றால் முதல் படிக்கு 5534ஏ. அது ஒற்றை ஓபாம்ப், கால் வரிசையும் வேறு, படியின் கெய்ன் 3 மடங்குக்குக் கீழே இறங்கினால் 5-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே 22 பிகோஃபாரட் வேண்டும். ஆகவே போர்டைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம். தட்டின் கரகரப்பே இதையெல்லாம் மூடிவிடும் என்பது வேறு.

இன்புட்டில் சர்க்யூட்காரர்கள் 100 முதல் 220 பிகோஃபாரட் வரை ஒரு கெப்பாசிட்டர் காட்டியிருப்பார்கள். முதலில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். விஎம்95இ கேட்பதே மொத்தம் 100 முதல் 200 வரைதான். டர்ன்டேபிள் கேபிள் மட்டுமே 100-ஐ எளிதாகத் தாண்டும். மொத்தம் 400 ஆனால் கார்ட்ரிட்ஜ் 10.7 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, 'ச'கரமெல்லாம் கத்தி போல் காதில் இறங்கும். பழிக்கு ஊசி ஆளாகும்.

நெளிந்த தட்டுகள் அதிகம் வைத்திருப்பவர்களுக்கு (எழுபது, எண்பதுகளின் தமிழ் சினிமா எல்பி சேகரிப்பில் நெளியாதது எத்தனை?) அவுட்புட் கெப்பாசிட்டர் கவனம். 1 மைக்ரோஃபாரட், ஆம்ப் 10 கிலோ ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸில் வெட்டும். அதே கெப்பாசிட்டர், ஆம்ப் 47 கிலோ ஓம் என்றால் 3.4 ஹெர்ட்ஸ் வரை விட்டுவிடும். வூஃபர் கோன் மூச்சு வாங்குவது போல் முன்னும் பின்னும் ஆடும்.

மூன்று வருடத்தில் சர்க்யூட் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. வந்தது எல்லாம் தொடுமிடத்து வியாதி. கடற்காற்று ஊரில் மலிவு ஐசி சாக்கெட் கறுத்து, ஒரு சேனல் கரகரக்கும். ஐசியைக் கழற்றித் திரும்பச் செருகினால் சரியாகும், ஆறு மாதத்தில் மறுபடியும் வரும். உருட்டிக் கடைந்த கால் உள்ள சாக்கெட் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். தங்க முலாம் என்று விற்கும் ஆர்சிஏ சாக்கெட்டில் முலாம் போவதற்குள் நட்டு தளர்ந்து, வாஷர் நழுவி, பெட்டியைத் தொட்டு, உறுமல் திரும்பி வரும்.

பெட்டி என்றேனே. தனி சப்ளைப் பெட்டி, இரும்புப் பெட்டி, நடுவில் போகும் மல்ட்டிபின் கனெக்டர், துளை போட்ட கூலி எல்லாம் சேர்த்தால் போர்டிலுள்ள அத்தனை பாகத்தின் விலையையும் தாண்டும். அப்புறம் "சொந்தமாகக் கட்டினால் மலிவு" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே நண்பருக்கு: சத்தத்துக்குப் பத்துக்கு ஒன்பது. ஆனாலும் கட்டாதீர்கள். உங்கள் டர்ன்டேபிள் பின்னால் ஃபோனோ, லைன் என்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது; லைனில் தள்ளிவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். நேற்று அந்த வாஷர் மறுபடி நழுவியது, அந்தக் கோபமும் இதில் கலந்திருக்கிறது. அதையும் மீறிக் கட்டுவதென்றால் ஷார்ட் பிளக் இரண்டை முதலில் செய்துவிடுங்கள். நைலான் வாஷர் பத்து வாங்குங்கள். நான்கு போதும், மீதி ஆறும் தேவைப்படும்.