அன்றாட வீட்டுப்பாடம்: டைரியிலா, வாட்ஸ்அப்பிலா, வகுப்பு விக்கியிலா?

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி விடுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் அன்றைய வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதும், பிள்ளைகள் அதைப் பார்த்து டைரியில் எழுதிக்கொள்வதும் நான் பணியில் சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். கொரோனாக் காலத்தில் அந்த இடத்தை வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. சென்ற கல்வியாண்டில், பிள்ளைகளே முறைவைத்து எழுதும் வகுப்பு விக்கி ஒன்றை, அதாவது படிப்பவர்களே திருத்தக்கூடிய இணையப் பக்கத்தை, தொடங்கினோம். மூன்றையும் அன்றாடம் கையாண்டு பார்த்தவள் என்ற முறையில், வீட்டுப்பாடம் வீடு போய்ச் சேருகிறதா என்பதைவிட, அதை யார் எழுதிவைக்கிறார்கள் என்பதே முதன்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

டைரிக்கு மின்சாரமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். பார்த்து எழுதும்போதே வேலையில் பாதி பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. பெற்றோர் கையெழுத்துப் போடும் வழக்கம் இருந்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு பேச்சும் நடந்துவிடுகிறது. ஆனால் டைரியில் நேரும் பிழை, எழுதிய பிள்ளையின் கண்ணுக்கு மட்டுமே படுகிறது. ஒரு நாள், பக்கம் 42இல் 3 முதல் 9 வரையுள்ள கணக்குகளில் ஒற்றைப்படை எண் கொண்டவற்றை மட்டும் போட்டுவரச் சொல்லியிருந்தேன். மணி அடித்த அவசரத்தில் கடைசி வரிசையில் இருந்த பையன் ஒருவன் ‘3 முதல் 9’ என்பதோடு டைரியை மூடிவிட்டான். மறுநாள் காலை அவனுடைய அம்மா வாசலிலேயே காத்திருந்தார். “மிஸ், ராத்திரி பத்து மணி வரைக்கும் குந்திக்கினு ஏழு கணக்கும் போட்டான். நீங்க நாலுதான் குடுத்தீங்களாமே?” என்று அவர் கேட்டபோது, அந்தப் பிள்ளையின் தூக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று விடுப்பில் இருந்த பிள்ளைகளுக்கோ அந்தத் தவறான வரிகூடக் கிடைத்திருக்காது.

வாட்ஸ்அப் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பினால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் ஒரே கைப்பேசிதான் இருக்கிறது. அதுவும் பெரியவர்களோடு வேலைக்குப் போய்விடுகிறது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகும் தந்தை நாள் கணக்கில் கடலில் இருப்பார். கைப்பேசியும் அவரோடு கரைக்கு வரும்போதுதான் அந்த வாரத்து வீட்டுப்பாடம் மொத்தமும் ஒன்றாய் வந்து இறங்கும். நேரத்துக்கு வந்து சேரும் செய்தியும் காலை வணக்கப் படங்களுக்கும் கட்டண நினைவூட்டலுக்கும் அடியில் புதைந்துவிடுகிறது, “இன்னிக்கு இன்னா ஹோம்வொர்க் மிஸ்?” என்ற கேள்விக்கு ஒரே மாலையில் நான்கைந்து முறை விடை சொல்லியிருக்கிறேன். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிவதைத் தாய்மார் சிலர் விரும்பவில்லை என்பதையும் நான் தாமதமாகவே அறிந்தேன். இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது வேறு: எழுதிக்கொள்ளும் பொறுப்பு பிள்ளையின் கையிலிருந்து நழுவி, எனக்கும் அதன் அம்மாவுக்கும் இடையிலான வேலையாக மாறிவிட்டது. வாட்ஸ்அப்பில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. பத்து வயதுப் பிள்ளை தன் வீட்டுப்பாடம் பேசப்படும் இடத்தில் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது.

ஆசிரியர் பாடங்களையும் ஒப்படைப்புகளையும் இணையத்தில் இடுவதற்காக 2014இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் ஒழுங்கானது; ஒப்படைப்புகளைத் திருத்திக் கொடுக்க உயர்நிலை வகுப்புகளுக்கு நன்றாகப் பயன்படும். எனினும் அதிலும் ஆசிரியர் இடுகிறார், மாணவர் பெற்றுக்கொள்கிறார் என்பதால், எங்கள் தேவையைப் பொறுத்தவரை அது வாட்ஸ்அப்பின் செம்மையான வடிவம் மட்டுமே.

விக்கியின் இயல்பு வேறு. வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995இல் முதல் விக்கித் தளத்தை வெளியிட்டபோது, விரைவு என்று பொருள்படும் ஹவாய்ச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். படிப்பவரே திருத்தலாம், யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் நிற்கும், எது கெட்டாலும் முந்தைய வடிவத்தை மீட்டுவிடலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா வளர்ந்ததும் இந்த ஏற்பாட்டில்தான். எங்கள் வகுப்பில் நாள்தோறும் இருவர் முறை: கடைசிப் பாடவேளையில் பள்ளிக் கணினியில் ஒருவர் தட்டச்சிட, மற்றவர் கரும்பலகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

மூன்றாவது வாரத்தில் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. ஆணிவேரையும் சல்லிவேரையும் வரைந்து பாகம் குறிக்குமாறு சொல்லியிருந்தேன். முறைக்காரப் பையன் ‘ஆணிவேர் வரையனும்’ என்று மட்டும் எழுதிவிட, ஒப்பிட்டவனும் கவனிக்கவில்லை. இரவு நான் திறந்து பார்த்தபோது அந்த வரி, ‘ஆணிவேர், சல்லிவேர் இரண்டையும் வரைந்து பாகம் குறிக்க’ என்று மாறியிருந்தது. ஏழேகால் மணிக்கு, வகுப்பில் வாய் திறக்கவே தயங்கும் பெண்குழந்தை ஒருத்தி தன் அக்காவின் கைப்பேசியிலிருந்து திருத்தியிருந்தாள். டைரியில் இந்தத் தவறு நேர்ந்திருந்தால் அந்தப் பையனோடு போயிருக்கும்; விக்கியில் அது நாற்பது பேருக்கான தவறாகிவிடுகிறது, ஆனால் நாற்பது பேரில் ஒருவர் கண்ணில் பட்டாலே போதும், திருந்திவிடுகிறது. எழுதுக, வரைக, கொணர்க என்ற வியங்கோள் வினைகளை இலக்கண வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பிறருக்காக எழுத வேண்டி வந்த பிறகுதான் அவை பிள்ளைகளின் கைக்கு வந்தன. ‘பல்லிக்குக் கொண்டுவரவும்’ என்பதை ‘பள்ளிக்கு’ என்று ஒருவர் மாற்ற, மற்றவர் அதைப் பார்த்துக் கற்பதை வேறெந்த முறையிலும் நான் கண்டதில்லை.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. கணினியில் தமிழ் அடிப்பதற்கான தமிழ்99 விசைப்பலகை பழகவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை நான்கு வரி அடிக்க அரை மணி நேரம் பிடித்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்ததால் ஒரு சண்டையும் வந்தது. வரலாற்றைத் திறந்து இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசித்தான் தீர்க்க முடிந்தது. ஆகவே மாலையில் ஒரு முறையாவது ஆசிரியர் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு இயலாதவர் விக்கியைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் பக்கம் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. பெயருக்குப் பதிலாக வருகைப்பதிவு எண்தான் இருக்கும். 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால், அதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட்டோம். இன்னொருவருடைய இலவசத் தளத்தை மட்டும் நம்புவதும் கூடாது: உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் தன் சேவையை நிறுத்தியது. அதனால் நாமே நிறுவிக்கொள்ளக்கூடிய டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். அது பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே சேமிப்பதால், மாதம் ஒரு முறை பென்டிரைவில் படியெடுத்துவிட முடிகிறது. ஒருவர் தொகுக்கும்போது அந்தப் பக்கத்தைப் பிறருக்குப் பூட்டியும் வைக்கிறது.

ஆனாலும் டைரியை நான் கைவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்று, மின்சாரமும் இல்லாமல் போன நாட்களில் இணையத்தில் உள்ள எதுவும் உதவியிருக்காது. கரும்பலகையில் இல்லாதது விக்கியில் ஏறக்கூடாது என்பதும், அதை ஒவ்வொருவரும் சுருக்கமாகவேனும் டைரியில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதும் எங்கள் விதி. 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டிருப்பதால் அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை. மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு எழுத்துப் பழக்கத்தை முன்னிட்டு டைரியே போதும். ஐந்திலிருந்து டைரியோடு விக்கியும் வேண்டும் என்பது என் முடிவு. வாட்ஸ்அப் குழுவை மழை விடுமுறை போன்ற அவசர அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் கைப்பேசியே இல்லாத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் மூவர் இருக்கிறார்கள். விக்கியில் எழுதும் வேலையை வீட்டுக்கு விடாமல் பள்ளி நேரத்துக்குள்ளேயே வைத்திருப்பது அவர்களுக்காகத்தான். கடந்த திங்கட்கிழமை முறை அவர்களில் ஒருவனுடையது, அவன் எழுதிய ஆறு வரிகளில் அன்றிரவு யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.