மணலில் படகு: வண்டியைத் தண்ணீருக்குள் விடுவதா, கயிற்றில் இழுப்பதா?

வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் (படகைச் சுமக்கும் இழுவை வண்டியில்) கொண்டுவரும் படகை, கடற்கரை மணலில் இறக்கி ஏற்றச் சில முறைகள் உண்டு. இறக்குவதை வைத்து எந்த முறையையும் எடை போடாதீர்கள். இறங்கும்போது சரிவே உதவி செய்யும். திரும்பி வரும்போது பார்க்க வேண்டும்: படகுக்குள் கொஞ்சம் தண்ணீர், களைத்துப்போன ஆட்கள், மணலில் பாதி புதைந்த டிரெய்லர் சக்கரம், எதிரே மேடு. ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர் இருந்தாலும் மணல் மரியாதை தராது. ஆகவே கீழே உள்ள எல்லாவற்றையும் ஏற்றும் நேரத்தை மனதில் வைத்தே ஒப்பிட்டிருக்கிறேன்.

பலரும் முதலில் செய்வது, ரிவர்ஸில் நேராகத் தண்ணீருக்குள் போவது. இரண்டு பேர் போதும், வேலையும் சட்டென்று முடியும், பார்க்கவும் கெத்தாக இருக்கும். மணல் இறுகி, சரிவும் இருந்து, அலை அடங்கியிருந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் வண்டி அங்கே நிற்கும் ஓரிரு நிமிடம்தான் ஆபத்து. அலையில் நின்றால் காலுக்கடியில் மணல் நழுவுமே, அதேதான் டயருக்கடியிலும் நடக்கிறது. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது மணலை அரித்துக்கொண்டு போகிறது. கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். தட்டையான கரை இன்னும் மோசம். படகு மிதக்கும் ஆழம் கிடைப்பதற்குள் வண்டியின் பின் அச்சு முங்கிவிடும்.

உப்புத் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓடிவந்த டிரெய்லரின் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல வைக்கும் பாகம்) சூடாக இருக்கும். உடனே தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலைத் தாண்டி உப்பு நீரை உறிஞ்சும். கரையிலேயே ஆறவிட வேண்டும். கயிற்று முறையிலும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் டிரெய்லரோடு போய்விடும். ரிவர்ஸில் இறங்கினால் வண்டியின் பிரேக், டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) எல்லாமே குளிக்கும்.

அப்புறம் கயிறு. வண்டி அலைக்கு எட்டாத இறுகிய மணலில் நிற்கும். வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே கயிற்றை முதலில் கட்டி, பிறகு டிரெய்லரைக் கழற்றி, கையால் தள்ளி இறக்க வேண்டும். வரிசையை மாற்றினால் டிரெய்லர் உங்களைக் கேட்காமலே கடலுக்குப் போய்விடும். ஆள் கூடுதலாக வேண்டும், முன்பக்கச் சிறு சக்கரம் அகலமான பலூன் டயராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரெய்லரின் மூக்கு கலப்பை மாதிரி மணலை உழும். ஏற்றும்போது லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியரில்) வைத்து, வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக இழுத்தால் போதும்.

கயிறு எது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும் மீள்பட்டை, ரப்பர் போல விசையைச் சேர்த்து வைப்பது. இந்த வேலைக்கு அது வேண்டாம். அதிகம் நீளாத பட்டைதான் சரி. எதுவானாலும் டோ பாலில் (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையில்) மாட்டக்கூடாது. அந்த உருண்டை முறிந்து பறந்து ஆளைக் கொன்றிருக்கிறது. பாரம் குறிக்கப்பட்ட ஷேக்கிளில் (பூட்டும் இரும்பு வளையத்தில்) மாட்டி, கயிறு இறுகியிருக்கும்போது யாரும் அதன் அருகே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே கூடுதல் இரும்புத் தண்டு மாட்டுவது இடைப்பட்ட வழி. ஆள் தேவையில்லை, ஆனால் அலைக்கு எட்டாத தூரம் என்பது தண்டின் நீளத்தோடு முடிந்துவிடும். வண்டியில் பொருத்திய வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) வலிமையானது, மெதுவானது. இளகிய மணலில் அது படகை மேலே இழுப்பதற்குப் பதிலாக வண்டியைக் கீழே இழுத்துவிடும். மாட்டிக்கொண்டவருக்கு அது தெய்வம், தினசரி வேலைக்கு இல்லை.

எந்த முறையானாலும் டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைக்க வேண்டும். டயர் பதியும் இடம் நீளும், புதைவது குறையும். டிரெய்லர் டயரை மறந்துவிடுவார்கள். வண்டி மிதந்து போக, பின்னால் அது நங்கூரம் மாதிரி இழுக்கும். தார் ரோட்டுக்கு ஏறுமுன் மறுபடி காற்று அடித்துவிடுங்கள்.

என் ஓட்டு கயிற்றுக்கு. கடல் வற்றிக்கொண்டிருந்து, மணலும் இறுகியிருந்தால் ரிவர்ஸில் போவேன். மாட்டினாலும் தண்ணீர் விலகிப் போகும். கடல் ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை. கயிறு கட்ட ஆகும் நேரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள், ஏறும் கடலுக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றதில்லை.