பழைய டீசல் ஆட்டோமேட்டிக்: கியர் உதைத்தால் முதலில் வாக்யூமைப் பாருங்கள்

பல வருடங்களாக மெர்சிடிஸ் 300டி ஓட்டி வருகிறேன். டபிள்யூ123 வகை, ஐந்து சிலிண்டர் டீசல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 1976-ல் தொடங்கி 80-களின் நடுப்பகுதி வரை வந்த வரிசை இது. அந்த வயதில் எந்த வண்டியிலும் ரப்பர் காய்ந்துதான் இருக்கும்.

என் வண்டியில் வந்த பெரிய தொல்லை, கியர் மாறும்போது உதைப்பது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு வெட்டு. வண்டியைப் பார்த்த ஒரு பணிமனையில், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மெதுவாகப் போகும்போதுதான் உதைத்தது. நன்றாக மிதித்து ஓட்டினால் கியர் சரியாகவே விழுந்தது. கிளட்ச் தேய்ந்திருந்தால் பாரம் ஏறும்போதல்லவா வழுக்க வேண்டும்?

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டிபோல இன்டேக்கிலிருந்து (காற்று உள்ளே போகும் வழி) வாக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவிசை, கிடைக்காது. அதற்கென்று தனி பம்ப் உண்டு. பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டுகள், சாவியைத் திருப்பியதும் இன்ஜினை நிறுத்தும் அமைப்பு, கியர்பாக்ஸ் எல்லாமே அந்த ஒரே பம்பை நம்பித்தான் இருக்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, ஒரு சின்ன வால்வு கியர்பாக்ஸின் மாடுலேட்டருக்கு (ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) போகும் வாக்யூமைக் குறைக்கும். வாக்யூம் நிறைய இருந்தால் ஆயில் அழுத்தம் இறங்கி கியர் மென்மையாக விழும். வாக்யூம் இல்லையென்றால் முழு அழுத்தத்தோடு அடித்துப் பிடிக்கும். எங்காவது கசிந்தால், நாம் முழுசாக மிதித்துவிட்டோம் என்றே கியர்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். உதை அங்கிருந்துதான் வருகிறது.

சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நின்றது எனக்கு நல்ல துப்பாக அமைந்தது. கேஜ் வைத்த கைப் பம்பை ஒவ்வொரு கிளைக் குழாயிலும் மாட்டிப் பார்த்தேன். கதவுப் பூட்டுக்குப் போகும் கிளையில் முள் நிற்காமல் சரிந்தது. பின்கதவு பூட்டின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருந்தது. மாடுலேட்டர் முனையிலிருந்த ரப்பர் முழங்கைக் குழாயை விரலால் வளைத்ததும் உட்புறம் வெடிப்பு தெரிந்தது. இரண்டையும் மாற்றியதும் உதை போய்விட்டது.

ஆனால் அப்புறம் வேறொன்று தலைகாட்டியது. அதே இரண்டு-மூன்று மாற்றத்தில் இன்ஜின் ஒரு கணம் ரேஸ் ஆகி, பிறகுதான் கியர் பிடித்தது. கசிவு இருந்த காலத்தில், உதையைக் குறைக்க யாரோ மாடுலேட்டர் திருகைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். இப்போது வாக்யூம் முழுசாக வந்ததும் அழுத்தம் தேவைக்குக் கீழே போய்விட்டது. உதையைக்கூட கொஞ்ச நாள் பொறுக்கலாம், இதைப் பொறுக்கக் கூடாது. ஒவ்வொரு ரேஸும் உள்ளே கிளட்ச் தட்டுகளைத் தேய்க்கிறது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தேன். கசிவை அடைக்கும் முன் அந்தத் திருகைத் தொடவே தொடாதீர்கள்.

கியர் எப்படி விழுகிறது என்பது சரியாக இருந்து, எப்போது விழுகிறது என்பதில் மட்டும் குறை என்றால், ஆக்சிலரேட்டரோடு சேர்ந்த போடன் கேபிளை (உறைக்குள் ஓடும் கம்பி) பாருங்கள். தளர்ந்திருந்தால் சீக்கிரமே மாறும், இறுகியிருந்தால் தாமதமாகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஆயில். வண்டி சூடாக இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை ‘பி’-யில் (பார்க்கிங்) வைத்து, கியர்பாக்ஸ் ஆயிலின் அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். கருகிய வாடை வந்தால் வாக்யூம் வேலையெல்லாம் வீண். அப்போது பணிமனை சொல்வதுதான் சரி. ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றுங்கள். கீழ்த் தட்டை மட்டும் வடித்தால் டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பழைய ஆயில் நிறையத் தங்கிவிடும். அதற்கு வடிகால் திருகு இருந்தால் அதையும் திறக்கச் சொல்லுங்கள்.

மாடுலேட்டர் குழாயைக் கழற்றும்போது உள்ளே சிவப்பு ஆயில் தெரிந்தால் அதன் டயஃப்ரம் போய்விட்டது என்று அர்த்தம். மாடுலேட்டரையே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை, வெளியிலிருந்தே கழற்றலாம். தள்ளிப்போட்டால் அந்த ஆயிலை வாக்யூம் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி இன்ஜினுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும்.