இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துபோனதா? அந்தப் பொடியைச் சந்தேகப்படுங்கள்

மூட்டுவலிக்கும் மூச்சிளைப்புக்குமான சித்த மருந்து என்று சொல்லி லேபிள் இல்லாத பொட்டலத்தில் தரப்படும் 'மூலிகைப் பொடி'யை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வருடக்கணக்கில் காலை மடக்க முடியாமல் இருந்தவர் நாலு வேளை சாப்பிட்டதும் மாடிப்படி ஏறுவார். பசி வயிற்றைக் கிள்ளும். சில வாரத்தில் முகம் உப்பும். கேட்டால் 'உடம்பு தேறுது' என்பார் விற்றவர். பொடி தீர்ந்து இரண்டு நாள் ஆனால் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதற்கும் பதில் தயாராக இருக்கும்: 'உள்ளே இருந்த நோய் வெளியே வருது, விடாம சாப்பிடுங்க.' அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் அதே பொடிக்குப் பணம் கட்டியிருப்பார்கள். சில மாதம் கழித்து, சர்க்கரை ஏறி, கால் வீங்கி, லேசாக இடித்த இடமெல்லாம் தோல் கன்றிப்போய் மருத்துவமனைக்குப் போகும்போதுதான் குட்டு உடையும்.

உள்ளே வேலை செய்வது மூலிகையே இல்லை. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற, வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை இடித்துக் கலந்திருப்பார்கள். கூடவே டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் சேரலாம். டெக்ஸாமெத்தசோனின் சிறிய மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மி.கி. மூன்று கிராம் பொடியில் அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன், 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம், 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம் (உடம்பே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் மருந்துப் பெயர் அது). ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை அளவு உள்ளே போனாலே, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரக்கும் கார்டிசால் அளவைத் தாண்டிவிடுகிறது. 'வெளியிலிருந்துதான் வருகிறதே' என்று சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். போகப் போக நிறுத்தியேவிடும். கையால் கலக்கும் பொடியில் எல்லா ஸ்பூனிலும் ஒரே அளவு இருக்காது என்பது இன்னொரு கேடு. இன்று அரை மாத்திரை, நாளை மூன்று மாத்திரை என்று போய்ச் சேரும்.

உண்மையான சித்த மருந்து எப்படி இருக்கும் என்பதற்கு அமுக்கரா சூரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கராக்கிழங்கு 64 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரட்டிப்பாகப் போகும். கடைசியில் சர்க்கரை 128. அதாவது பாதிக்குப் பாதி சர்க்கரை. (நீரிழிவு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லாமல் டப்பா டப்பாவாக வாங்கிச் சாப்பிடுவது தனிக் கூத்து.) இந்தச் சரக்கில் எதுவும் ஒரே நாளில் வலியை அறுக்காது. பல வாரம் எடுத்துத்தான் மாற்றம் தெரியும். நாள்பட்ட வலி 24 மணி நேரத்தில், அதுவும் ஒரு பொடியால், சுத்தமாக நின்றது என்றால் அதைக் கைராசி என்று நினைக்க வேண்டாம்.

பத்தியமும் இந்த வியாபாரத்துக்கு வசதியாகிவிட்டது. சித்த மருத்துவத்தில் உப்பு, புளி குறைக்கச் சொல்வது வழக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். உப்பைக் குறைத்தால் வீக்கம் சற்று மட்டுப்படும், குட்டு உடைவதும் தள்ளிப்போகும். அப்படியும் வீங்கினால் 'பத்தியம் தவறிட்டீங்க' என்று பழி சாப்பிட்டவர் தலையிலேயே விழும்.

சட்டத்தில் எங்கே ஓட்டை என்றால், 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி சித்த மருந்து தயாரித்து விற்க உரிமம் வேண்டும். ஆனால் ஒரு வைத்தியர் தன்னிடம் வரும் நோயாளிக்காகத் தானே செய்து கொடுத்தால் அந்த உரிமம் தேவையில்லை. நேர்மையான வைத்தியர்களுக்காக வைத்த விலக்கு அது. நாடி பார்க்காமல், ஆளையே பார்க்காமல், வாட்ஸ்அப்பில் பணம் வாங்கிக்கொண்டு கொரியரில் அனுப்புகிறவர் இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூலிகை என்று சொல்லி ஸ்டீராய்டு கலக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

உரிமத்தோடு வரும் டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்ந்த சரக்குகளின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். 'ரகசிய மூலிகைகள் 27' என்று போட்டிருந்தால் அது லேபிளே இல்லை. இன்னொரு தந்திரம், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணைப் பெரிதாக அச்சிட்டு 'அரசு அங்கீகாரம்' என்று காட்டுவது. அது உணவுக்கான உரிமம். அதை வைத்துக்கொண்டு மூட்டுவாதம் குணமாகும் என்று விற்கக் கூடாது. வாதநோய், நீரிழிவு, புற்றுநோய் உட்பட 54 நோய்நிலைகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை போட்டிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, கடுக்காய் என்று தனிச்சரக்காக வாங்குவது வேறு விஷயம். அதை இதோடு குழப்ப வேண்டாம்.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, எரித்துப் பார்ப்பது, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, எதுவும் ஸ்டீராய்டைக் காட்டிக் கொடுக்காது. ஆய்வகத்தில், கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் நிறப்பகுப்பு போன்ற முறையில்தான் பிடிபடும்.

இனி முக்கியமான விஷயம். இப்படிப்பட்ட பொடியை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால், இதைப் படித்ததும் பயந்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். தூங்கிப்போன சுரப்பி உடனே விழிக்காது. நிறுத்திய சில நாளில் கடும் அசதி, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது என்று தொடங்கி மயக்கம்வரை போகலாம். அப்போது காய்ச்சலோ பேதியோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மிச்சப் பொடியோடு அன்றே பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். 'எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன்' என்பதை எழுதிக்கொண்டு போங்கள். காலை 8 மணி வாக்கில் ரத்தத்தில் கார்டிசால் அளவு பார்ப்பார்கள். ஆள் ஸ்டீராய்டு தின்றவர்போல் உப்பியிருக்க, கார்டிசால் அடிமட்டத்தில் கிடந்தால், வெளியிலிருந்து ஏதோ வருகிறது என்பதற்கு அதுவே வலுவான தடயம். அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, எலும்பு வலு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். கருப்பாக மலம் போனால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது குடல்புண் ரத்தமாக இருக்கலாம். பல் பிடுங்குவதோ அறுவைச் சிகிச்சையோ இருந்தால் இந்தப் பொடி சாப்பிட்டதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூட்டுவலிக்குச் சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால், பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு, மருந்தும் இலவசம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. தனியாரிடம் போனால் பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் பட்டம்) படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் மருந்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடாமல், பிரித்ததை அப்படியே இறுக மூடி, முடிந்தால் பிரிக்காத ஒன்றையும் சேர்த்து வையுங்கள். கொரியர் உறை, பணம் அனுப்பிய ரசீது, 'நிச்சயம் குணமாகும்' என்று அனுப்பிய குரல் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, இந்திய மருத்துவத்துக்கான மாநில மருந்து உரிம அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்குத்தான் உண்டு. அவர் பெரும்பாலும் விற்கிற இடத்திலேயே மாதிரி எடுப்பார் என்பதால், விற்றவரிடம் 'புகார் கொடுக்கப் போகிறேன்' என்று முதலில் சண்டை போட்டுவிடாதீர்கள். ஆய்வாளர் போவதற்குள் சரக்கு இடம் மாறிவிடும்.