ஜிக்லிபஃப்: மேங்கோவும் ஹங்ரிபாக்ஸும்
சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற சண்டை வீடியோ விளையாட்டில் ஜிக்லிபஃப் என்ற பாத்திரத்தால் முதலில் பெயர் பெற்ற ஆட்டக்காரர் மேங்கோ, எதிராளி மூச்சுவிடுமுன் நெருங்கித் தாக்கினார். எனினும் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியின் 2013, 2014 பட்டங்களை ஃபாக்ஸ், ஃபால்கோ பாத்திரங்களைக் கொண்டே வென்றார். இன்னோர் ஆட்டக்காரரான ஹங்ரிபாக்ஸோ ஜிக்லிபஃப்பைக் கைவிடாமல், 2016 ஈவோ இறுதியில் ஆர்மடா என்ற ஆட்டக்காரரை வீழ்த்தினார்.

இருவரின் வேறுபாடு ஜிக்லிபஃப்பின் ‘ரெஸ்ட்’ அடியில் துலங்குகிறது. உடலோடு உடல் ஒட்டும் நெருக்கத்தில் மட்டுமே படும் அந்த அடி பட்டால் எதிராளி பெரும்பாலும் திரைக்கு வெளியே பறந்து ஓர் உயிரை இழப்பார். தவறினால் ஜிக்லிபஃப் உறங்கிக்கிடந்து பலத்த பதிலடி வாங்கும். மேங்கோ அதைத் துணிந்து தேடிச் சென்றார். ஹங்ரிபாக்ஸ், காற்றில் ஐந்து முறை கூடுதலாகத் தாவும் வசதியால் தொலைவைக் காத்து, பின்னோக்கிய உதைகளால் எதிராளியை மேடையின் விளிம்புக்குத் தள்ளி, அவர் பிழைசெய்யும் கணம்வரை பொறுத்திருப்பார். சலிப்பூட்டுகிறது எனப் பலர் குறைகூறும் அந்தப் பொறுமையே, மிக இலேசான இப்பாத்திரத்துக்கு ஏற்ற உயர்ந்த கலை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.