‘எல்லாத்துக்கும் நோ போட்டுட்டேன் சார், சைன் மட்டும் பண்ணுங்க’

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் (பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து எடுப்பது) எடுக்கப் போகிறவர்கள், அதிலும் லேத், வெல்டிங், கிரைண்டிங் என்று பட்டறையில் கொஞ்ச நாளாவது நின்றவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் கோயம்புத்தூரில் எனக்கு நடந்தது. சென்டரின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். பெயரைச் சொன்னால் ‘அந்த ஒரு இடம்தான் மோசம்’ என்று நினைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அசால்ட்டாக இருந்துவிடுவோம்.

கணபதி பக்கம் ஒரு பம்ப் பட்டறையில் 23 வருஷம் வேலை பார்த்தவன் நான். முதல் ஏழெட்டு வருஷம் காஸ்டிங்கில் பிசிறு தட்டுவதும் கிரைண்டிங் அடிப்பதும்தான் வேலை. அந்தக் காலத்தில் கண்ணாடி என்று ஒன்று ஆணியில் தொங்கும், யாரும் போட மாட்டோம். கண்ணில் தூள் விழுவது எங்களுக்குக் கொசு கடிக்கிற மாதிரி. பக்கத்து மெஷின் அண்ணன் இமையைத் திருப்பிக் கைக்குட்டை நுனியால் எடுத்துவிடுவார். அதில் வராவிட்டால் ராத்திரி வீட்டில் உறுத்தும், காலையில் சரியாகிவிடும். ஒரே ஒரு தடவை சரியாகவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மரத்துப்போக சொட்டு விட்டு, ஊசி முனையால் நோண்டி எடுத்தார். ‘துரு வளையம் பிடிச்சிருக்கு, ரெண்டு நாள் கழிச்சு வாங்க’ என்றார். நான் போகவில்லை. பட்டறையில் லீவு கிடையாது.

இதெல்லாம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. 2016-ல் பட்டறையை விட்டு வந்து மளிகைக்கடை வைத்தேன். இப்போது இடுப்பு வலி, கால் வரைக்கும் மின்சாரம் மாதிரி இழுக்கிறது. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். சென்டரின் பெயர் போட்ட சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

ராத்திரி எட்டரைக்கு வரச் சொன்னார்கள். நானும் வீட்டுக்காரியும் போனோம். முதலில் பில், 6,500 ரூபாய். பிறகு ஒரு ஃபாரம், இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ், எறும்பு எழுத்து. கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் கொடுக்கவே இல்லை. அந்தப் பொண்ணே வைத்துக்கொண்டு கேட்டது: ‘வெயிட் எவ்ளோ சார்? பேஸ்மேக்கர் ஏதாவது வச்சிருக்கீங்களா?’ இல்லம்மா என்றேன். பேனா மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓடியது. டிக், டிக், டிக். ‘எல்லாத்துக்கும் நோ போட்டுட்டேன் சார், சைன் மட்டும் பண்ணுங்க.’ பின்னாடி ஆறேழு பேர் நிற்கிறார்கள். என் பாக்கெட்டில் இருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இது என் தப்பு. மறைக்கவில்லை.

உடை மாற்றும் இடத்தில் அட்டெண்டர் சொன்னது ஒரு வரி: ‘செல்போன், ஏ.டி.எம். கார்டு, செயின் எல்லாம் லாக்கர்ல வச்சிருங்க, இல்லாட்டி கார்டு போயிரும்.’ கார்டு போய்விடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அரைஞாண் கொடியைக் காட்டினேன். ‘வெள்ளிதானே, இருக்கட்டும்’ என்றார். வீட்டுக்காரி கைப்பையோடு மெஷின் ரூம் கதவு வரைக்கும் என் கூடவே வந்தாள். தாலிக்கொடியில் மூன்று ஊக்கு மாட்டியிருந்தாள். நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் மாட்டுவதுதான். யாரும் நிறுத்தவில்லை. நானேதான் ‘நீ அங்கயே உட்காரு’ என்றேன், அதுவும் அவளுக்குக் கால் வலி என்பதால்.

அந்தக் கதவில் படம் போட்ட போர்டு ஒன்று இருந்தது. சாவி, கத்தரிக்கோல், இதயத்துக்குள் ஒரு டப்பா, இதற்கெல்லாம் சிவப்புக் கோடு. ஒரு மூலையில் ஒரு கண் படம், அதற்குள் ஒரு புள்ளி. படுக்கவைத்து, காதில் பஞ்சு வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து உள்ளே தள்ளியாகிவிட்டது. அசையாமல் படுத்திருக்கும்போதுதான் அந்தக் கண் படம் என் மனசில் வந்து நின்றது. அதில் அந்தப் புள்ளி எதற்கு?

புரிந்தபோது முதுகு வேர்த்துவிட்டது. பந்தை அமுக்கினேன். இன்னொரு தரம் அமுக்கினேன். டெக்னீஷியன் பையன் குரல் வந்தது: ‘பயப்படாதீங்க சார், கண்ணை மூடிக்கோங்க, இருபது நிமிஷம்தான்.’

‘தம்பி, கண்ணுதான் விஷயமே. நான் கிரைண்டிங் வேலை பார்த்தவன். கண்ணுல இரும்புத்தூள் விழுந்து ஆஸ்பத்திரில எடுத்திருக்கு.’

‘இப்ப வலிக்குதா?’

‘இல்ல.’

‘அப்ப ஒண்ணுமில்ல சார். உள்ள வந்தாச்சுல்ல? இழுக்கறதா இருந்தா இதுக்குள்ள இழுத்திருக்கும்.’

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவே. நான் எடுக்க மாட்டேன் என்றேன். சலித்துக்கொண்டு படுக்கையை வெடுக்கென்று வெளியே இழுத்தான்.

மேனேஜர் என்று ஒருவர் வந்தார். ரேடியாலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ராத்திரியில் டாக்டர் அங்கே இருப்பதில்லையாம், படம் எங்கேயோ போய் ரிப்போர்ட் வருமாம். பிறகு என் ஃபாரத்தை என்னிடமே நீட்டினார். ‘பாருங்க சார், கண்ணுல மெட்டல் பட்டிருக்கான்னு கேட்டிருக்கோம், நீங்க நோன்னு போட்டிருக்கீங்க.’ நிஜம்தான், கேள்வி இருக்கிறது. டிக் எல்லாம் நீல மை, என் கையெழுத்து கறுப்பு மை. அதை அவரிடமே காட்டினேன். ‘எதுவும் ஆகலையே சார், எதுக்கு டென்ஷன்’ என்றார். நகல் கேட்டேன், தர முடியாது என்றார். போனில் படம் எடுத்தேன், எடுக்கக்கூடாது என்றார். அதற்குள் எடுத்துவிட்டேன். 1,500 ரூபாய் ‘ஸ்லாட் சார்ஜ்’ பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். பில்லில் அப்படி ஒரு சார்ஜே கிடையாது.

மூன்று நாள் கழித்து வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டார். என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம், கண்ணுல ஏதாவது பட்டிருக்கா, ஆபரேஷன் எங்கெங்கே, உடம்பில் குண்டு, சில்லு ஏதாவது, பல்லில் கழற்றி மாட்டுகிற செட் உண்டா என்று வரிசையாக. மெஷின் கதவருகே இன்னொருவர் முதலிலிருந்து அதையே திரும்பக் கேட்டார். எரிச்சல் வரவில்லை, கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்பதுபோல நிதானமாகச் சொன்னேன். கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், கண்ணை மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று. ஏதாவது துகள் இருந்தால் கண்ணோடு சேர்ந்து நகரும், அதில் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். அதற்கு வைத்தியம் நடக்கிறது.

இதைச் சொன்னதும் மச்சான் கேட்டார், ‘அப்ப அந்தப் பையன் சொன்னது சரிதானே, ஒண்ணும் இல்லதானே?’ இல்லை மச்சான். கண்ணுக்குள் ஒன்றும் இல்லை என்பது எனக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆஸ்பத்திரி ரேடியாலஜி டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாதாரண எம்.ஆர்.ஐ. மெஷின் 1.5 டெஸ்லா. டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு. பூமியின் காந்தத்தைப் போல கிட்டத்தட்ட 30,000 மடங்கு. நாம் நினைப்பதுபோல ஸ்கேன் ஓடும்போது மட்டும் காந்தம் இருப்பதில்லை. உள்ளே இருக்கும் சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரில் சுருளுக்குள் மின்சாரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் கட், எப்போதும் காந்தம் காந்தம்தான். இரும்பை அது இழுப்பது நடுவில் படுத்திருக்கும்போது அல்ல, குழாயின் வாய்க்கு அருகில்தான் அதிகம். அதாவது உள்ளே போகும்போதும் ஆபத்து, வெளியே வரும்போதும் ஆபத்து. என்னை வெடுக்கென்று இழுத்தானே, அதைத்தான் செய்திருக்கக் கூடாது. தலையை அசைக்காமல் மெதுவாக எடுத்திருக்க வேண்டும்.

சதையில் புதைந்த துகளைச் சுற்றித் தழும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குள் அந்தப் பிடிப்பு கிடையாது. வருஷக்கணக்கில் வலியில்லாமல் சும்மா கிடந்த துகள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் ஸ்கேனில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து ஒரு கண் பார்வை போனது. அமெரிக்க மருத்துவ இதழில் 1986-லேயே வந்துவிட்டது. ‘இப்ப வலிக்குதா’ என்று கேட்பது பரிசோதனையே இல்லை.

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் சொந்தக்காரருக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரை ஸ்கேன் ரூமுக்குள் தூக்கிக்கொண்டு போய் இறந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மெஷின் ஆஃபில் இருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 2025 ஜூலையில் நியூயார்க் பக்கம், ஸ்கேன் முடிந்த மனைவியைக் கைபிடித்து எழுப்ப உள்ளே போனவர், கழுத்தில் உடற்பயிற்சிக்காகப் போட்டிருந்த 9 கிலோ சங்கிலியோடு இழுக்கப்பட்டு இறந்தார். இரண்டு பேருமே நோயாளிகள் இல்லை, கூடப் போனவர்கள். என் வீட்டுக்காரியின் கைப்பையில் கடைச் சாவிக்கொத்து இருந்தது. அரைக்கிலோ இருக்கும்.

ஆகவே, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். மூளையில் கிளிப் போட்டிருந்தால், காது கேட்பதற்காக உள்ளே வைக்கிற காக்ளியர் கருவி இருந்தால், பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டில் எத்தனையோ குழந்தைகளுக்குக் காக்ளியர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவிக்குள்ளேயே காந்தம் உண்டு. பெற்றவர்கள் ‘காதுக்கும் முட்டி ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்’ என்று நினைத்துவிடக் கூடாது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் பயந்து ஓட வேண்டாம், பெரும்பாலும் எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியையும், உள்ளே வைத்த பொருளுக்குக் கொடுத்த கார்டையும் கையில் கொண்டு போங்கள். வலிக்கு ஒட்டுகிற மருந்து பிளாஸ்திரி சிலவற்றில் மெல்லிய உலோகத் தகடு இருக்கும், சூடாகித் தோலைச் சுடும். ஊக்கு, ஹேர்பின், மெட்டி, தாயத்து, அரைஞாண் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் இருக்கிறார்கள், புரிகிறது. மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு போகலாமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதாக இருந்தால் கிட்னி விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

புகார் எங்கே கொடுப்பது என்று அலைந்ததில் ஒன்று தெரிந்தது. எக்ஸ்ரே, சி.டி. மெஷின்களைக் கவனிக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு கிடையாது, அதனால் அது அவர்கள் வேலையில் வராது. கடைசியில் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஃபாரத்தின் படம், பில் எல்லாம் சேர்த்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். காசு கொடுத்து எடுத்துக்கொண்ட மருத்துவச் சேவைக்கு நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்த அடுத்த நாளே சென்டரிலிருந்து போன் வந்தது. 1,500-ஐத் திருப்பித் தருகிறார்களாம், கூடவே வீட்டுக்காரிக்கு ஃப்ரீயாக தைராய்டு டெஸ்ட்டாம். ஃபாரத்தைத் தமிழில் அடிப்பீர்களா என்று கேட்டேன். ‘அது மேனேஜ்மென்ட் முடிவு சார்’ என்று வைத்துவிட்டார்கள்.

பழைய பட்டறை ஆட்கள் நாலைந்து பேருக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். எனக்கு இமையைத் திருப்பித் தூள் எடுத்துவிடுவாரே, அந்த அண்ணனுக்கு இப்போது 68 வயசு. வருகிற வியாழக்கிழமை அவருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ.யாம், சீட்டு அதே சென்டருக்கு. அவர் கண்ணில் விழுந்ததையெல்லாம் யார் எடுத்துவிட்டார்கள் என்று கேட்டேன். ‘யாரு எடுப்பா, கண்ணைக் கசக்கிட்டு வேலையப் பாக்கறதுதான்’ என்றார். வியாழக்கிழமை கடையை மூடிவிட்டு நானும் கூடப் போகிறேன்.